நாக்கு கடிபட்டால், உதடு கிழிந்தால்: வாய்க்காயங்களுக்குச் செய்ய வேண்டியவையும் வராமல் தடுப்பதும்

என் அண்ணன் மகள் மூன்று வயதில் நிலைப்படி தடுக்கிக் குப்புற விழுந்தபோது, அவளுடைய மேல் முன்பற்கள் நாக்கின் நடுவே பதிந்துவிட்டன. எழுந்து நின்றவளின் சட்டை முன்பக்கம் முழுவதும் ரத்தமும் எச்சிலுமாக நனைந்திருந்தது. அவளுடைய அப்பத்தா சர்க்கரை டப்பாவோடு ஓடிவர, பக்கத்து வீட்டு அக்கா காபித்தூளைக் கொண்டுவந்தார். நான் ஒரு வெள்ளைத் துண்டை நாக்கில் வைத்து அழுத்தினேன். ஆனால் அரை நிமிடத்துக்கு ஒரு முறை, நின்றுவிட்டதா என்று துண்டை எடுத்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒவ்வொரு முறை எடுக்கும்போதும் ரத்தம் மறுபடியும் ஊறி வந்தது. இருபது நிமிடம் இப்படியே கழிந்த பிறகு மருத்துவமனைக்குப் போனோம். அங்கிருந்த செவிலியர் ஒருவர், "சும்மா சும்மா எடுத்துப் பார்க்காதீங்க, பத்து நிமிஷம் அப்படியே அமுக்கிப் பிடிங்க" என்றார். பிடித்தோம், நின்றுவிட்டது. தையல்கூடத் தேவைப்படவில்லை. ரத்தம் அதுவரை நிற்காமல் இருந்ததற்குக் காயத்தைவிட என் கையே பெரிய காரணம் என்பது அப்போதுதான் புரிந்தது.

வாய்க்காயத்தில் பெரும்பாலான தவறுகள் இந்த வகையைச் சேர்ந்தவை. நாக்கிலும் உதட்டிலும் ரத்த ஓட்டம் மிக அதிகம் என்பதால் சிறிய வெட்டுக்கூட ஏராளமாக ரத்தம் கசியும். அதனுடன் எச்சிலும் கலப்பதால், இரண்டு தேக்கரண்டி ரத்தம் ஒரு கிண்ணம் போலத் தோன்றி வீட்டையே கலங்கடிக்கும். அதே ரத்த ஓட்டம்தான் இந்தக் காயங்களை மற்ற இடங்களைவிட வேகமாக ஆற்றவும் செய்கிறது. நாக்கில் ஏற்படும் சிறிய கடிகாயங்கள் பெரும்பாலும் ஒரு வாரம் முதல் பத்து நாட்களுக்குள், தழும்புகூட இல்லாமல் தாமாகவே ஆறிவிடுகின்றன. ஆகவே பெரும்பான்மையான காயங்களுக்கு அழுத்தமும் பொறுமையுமே மருந்து. காத்திருக்கக் கூடாத சில காயங்களும் உண்டு. அவற்றைப் பிரித்தறிவதற்குத்தான் கவனம் தேவை.

முதல் பதினைந்து நிமிடம்

அடிபட்டவரை நிமிர்ந்து உட்காரவைத்து, தலையைச் சற்று முன்னால் சாய்க்கச் சொல்லுங்கள். மல்லாக்கப் படுக்கவைத்தால் ரத்தம் தொண்டைக்குள் இறங்கிப் புரையேறும். விழுங்கிய ரத்தம் சிறிது நேரத்தில் வாந்தியாக வெளிவந்து மேலும் பயமுறுத்தும். ஆகவே வாயில் சேர்வதைத் துப்பிவிடட்டும். நீங்கள் கையைக் கழுவிக்கொண்டு, வாயைச் சாதாரணக் குடிநீரால் ஒரு முறை கொப்பளிக்கச் செய்து, விரலால் தடவாமல் கண்ணால் மட்டும் காயத்தைப் பாருங்கள். உடைந்த பல்லின் துண்டு, மண், கல் போன்றவை தெரிந்தால் அவற்றையும் துப்பச் சொல்ல வேண்டும்.

பிறகு சுத்தமான கட்டுத்துணியையோ துவைத்த பருத்தித் துணியையோ மடித்துக் காயத்தின் மேல் வைத்து அழுத்துங்கள். உதட்டுக் காயமானால் கட்டைவிரலை உட்புறமும் ஆட்காட்டிவிரலை வெளிப்புறமும் வைத்து இரு பக்கமும் சேர்த்துக் கிள்ளிப் பிடிப்பது போல அழுத்த வேண்டும். நாக்கு வழுக்கும் என்பதால், துணியால் நுனியைப் பற்றி வெளியே இழுத்துக்கொண்டு மேலும் கீழும் சேர்த்து அழுத்தினால்தான் பிடி நிற்கும். ஈறில் ரத்தம் வந்தால் துணியைச் சுருட்டி அந்த இடத்தில் வைத்துக் கடிக்கச் சொன்னால் போதும். கடிகாரத்தைப் பார்த்து 10 நிமிடம் எடுக்காமல் பிடியுங்கள். துணி நனைந்துவிட்டால் அதன் மேலேயே இன்னொன்றை வையுங்கள். நிற்காவிட்டால் மேலும் ஒரு 10 நிமிடம் பிடிக்கலாம். அதன் பிறகும் வழிந்துகொண்டே இருந்தால் அழுத்தத்தை விடாமல் மருத்துவமனைக்குக் கிளம்ப வேண்டியதுதான்.

ரத்தம் நின்றபின் வீக்கத்துக்கு, ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றி உதட்டின் மேல் சில நிமிடம் வைத்து எடுக்கலாம். நாக்கில் காயம்பட்ட குழந்தைக்குக் கையில் ஒரு குச்சி ஐஸைக் கொடுத்துவிட்டால், சொல்லாமலே சிகிச்சையை அதுவே செய்துகொள்ளும். ஆனால் உட்கார்ந்தபடி சப்பட்டும், குச்சியோடு ஓட வேண்டாம்.

சர்க்கரை, காபித்தூள், மஞ்சள்தூள், விபூதி ஆகிய எதையும் காயத்தில் அப்பாதீர்கள். காபித்தூள் ரத்தத்தை நிறுத்துவது போலத் தோன்றுவதற்குக் காரணம், அதை வைத்து யாரோ ஒருவர் அழுத்திப் பிடித்திருப்பதுதான். பிறகு தையல் போட நேர்ந்தால், காயத்துக்குள் புதைந்த தூளைச் சுரண்டி எடுக்க வேண்டிய வேதனை குழந்தைக்கு.

யாரை மருத்துவரிடம் அழைத்துச் செல்வது

மூச்சுத் திணறல், எச்சிலை விழுங்க முடியாமல் வழியவிடுதல், நாக்கோ நாக்கின் அடிப்பகுதியோ வேகமாக வீங்குதல், வாய்க்குள் எதையோ வைத்துக்கொண்டு பேசுவது போலக் குரல் மாறுதல் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று இருந்தாலும் 108-ஐ அழைக்க வேண்டும். விழுந்தபின் மயக்கம் வந்திருந்தாலும் பலமுறை வாந்தி எடுத்தாலும், வாயை விட்டுவிட்டுத் தலையைப் பற்றிக் கவலைப்பட வேண்டும். பற்களைச் சேர்த்துக் கடிக்கும்போது முன்போலப் பொருந்தவில்லை என்றாலோ, நாக்கைத் தூக்கிப் பார்க்கையில் அதன் அடியில் கருநீலமாகக் கன்றிப்போயிருந்தாலோ, கீழ்த்தாடை எலும்பு முறிந்திருக்கக்கூடும்.

நாக்குக் காயத்தில் தையல் தேவையா என்பதைத் தீர்மானிப்பது பெரும்பாலும் அதன் நீளம் அல்ல, அது பிளந்து நிற்கிறதா என்பதுதான். நாக்கு வாய்க்குள் ஓய்வாக இருக்கும்போது இரு ஓரங்களும் தாமாகச் சேர்ந்துகொண்டால் பெரும்பாலும் தைப்பதில்லை. சேராமல் வாய்பிளந்து நிற்பது, நாக்கின் ஓரத்தையோ நுனியையோ பாம்பு நாக்கைப் போல இரண்டாகப் பிரித்திருப்பது, சதை ஒரு மடலாகத் தொங்குவது, மேலிருந்து கீழ்வரை துளைத்துச் சென்றிருப்பது ஆகியவற்றுக்குத் தையல் வேண்டும். கரையும் நூலால் சற்றுத் தளர்வாகத்தான் போடுவார்கள், பின்னர் நாக்கு வீங்கும் என்பதால். சிறு குழந்தையானால் தூக்க மருந்து கொடுத்தே தைக்க வேண்டியிருக்கலாம். தைக்கத் தேவையில்லை என்று மருத்துவர் சொன்னால், கவனிக்கவில்லை என்று மனத்தாங்கல் கொள்ள வேண்டாம். அது நல்ல மருத்துவர் சொல்கிற பதிலாகவே இருக்கும்.

உதட்டில் நிலைமை வேறு. உதட்டின் சிவந்த பகுதியும் முகத்தோலும் சந்திக்கும் கோட்டை வெட்டு தாண்டியிருந்தால், அது சிறியதாக இருந்தாலும் தேர்ந்த கையால் தைக்கப்பட வேண்டும். அந்தக் கோடு ஒரு மில்லிமீட்டர் மேலும் கீழுமாகச் சேர்ந்துவிட்டால்கூட எதிரில் நின்று பேசுபவருக்கு வாழ்நாள் முழுவதும் தெரியும். உதடு கிழிந்து, பல்லும் உடைந்து, உடைந்த துண்டு எங்கே என்று தெரியவில்லை என்றால், அது உதட்டுச் சதைக்குள்ளேயே புதைந்திருக்கலாம் என்று மருத்துவரிடம் சொல்லி எக்ஸ்ரே எடுக்கக் கேளுங்கள்.

நடை பழகும் குழந்தைகள் விழும்போது மேலுதட்டை ஈறுடன் இணைக்கும் மெல்லிய சதை மடிப்பு அடிக்கடி கிழியும். பார்க்கப் பயங்கரமாக இருந்தாலும் இது தையலின்றியே ஆறிவிடும். ஒரே ஒரு நிபந்தனை, வந்து போகிற உறவினர்கள் ஒவ்வொருவருக்கும் உதட்டைத் தூக்கிக் காட்டக் கூடாது. தூக்கும் ஒவ்வொரு முறையும் அது மறுபடி பிய்ந்து ரத்தம் வரும். ஆனால் இன்னும் தவழவும் தொடங்காத கைக்குழந்தைக்கு இந்த மடிப்பு கிழிந்திருந்தால், அது தானாக விழுந்து ஏற்பட்டதாக இருக்க முடியாது. மருத்துவர் குழந்தை முழுவதையும் பரிசோதிக்க வேண்டும்.

மேலண்ணத்தில் ஏற்படும் குத்துக்காயத்தைத்தான் வெளித்தோற்றத்தை நம்பி விட்டுவிடக் கூடாது. பல் துலக்கியையோ பென்சிலையோ ஊதலையோ வாயில் வைத்துக்கொண்டு ஓடி விழும் குழந்தைக்கு அண்ணத்தின் பின்பகுதியில் சிறு ஓட்டை மட்டும் தெரியலாம். ரத்தமும் உடனே நின்றுவிடலாம். ஆனால் தொண்டையின் பக்கவாட்டில், அந்த இடத்திற்குச் சற்றுப் பின்னால்தான் மூளைக்குச் செல்லும் பெரிய ரத்தக்குழாய் ஓடுகிறது. அது நசுங்கியிருந்தால், முதல் இரண்டு மூன்று நாட்களுக்குள் அளவுக்கு மீறிய தூக்கக் கலக்கம், பேச்சுக் குழறல், ஒரு பக்கக் கை கால் பலவீனம் ஆகியவை தோன்றக்கூடும். கழுத்து வீக்கமும் காய்ச்சலும் தொண்டைக்குப் பின்னால் சீழ் வைப்பதைக் காட்டலாம். ஆகவே இத்தகைய காயத்தை அன்றே மருத்துவரிடம் காட்டிவிட வேண்டும். குத்திய பொருள் உள்ளேயே நிற்கிறதென்றால் அதைப் பிடுங்காதீர்கள். அசையாமல் பிடித்துக்கொண்டு அப்படியே கொண்டு செல்லுங்கள்.

பல் கழன்று விழுந்தால்

வாயில் அடிபடும்போது கடிகாரத்தோடு போட்டியிட வேண்டிய சமயம் இது. ஆறு ஏழு வயதுக்குமேல் முளைத்த நிலைப்பல் வேரோடு வந்துவிட்டால், அதைத் தேடி எடுத்து, வெளியே தெரியும் வெண்மையான பகுதியை மட்டும் பிடியுங்கள். வேரைத் தொடவும் தேய்க்கவும் கூடாது, ஏனெனில் மறுபடி ஒட்டுவதற்கான உயிரணுக்கள் அதன்மேல்தான் இருக்கின்றன. மண் ஒட்டியிருந்தால் பாலில் மெல்ல அலசி, எந்தப் பக்கம் வெளியே இருக்க வேண்டும் என்று பார்த்து, அந்தக் குழிக்குள்ளேயே திரும்ப வைத்து, ஒரு துணியைக் கடித்தபடி பல் மருத்துவரிடம் போக வேண்டும். தைரியம் வரவில்லை என்றால் பல்லை ஒரு தம்ளர் காய்ச்சாத பாக்கெட் பாலில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். தண்ணீரில் போடுவது தவறு. காகிதத்தில் மடித்துப் பையில் போட்டுக்கொள்வது அதைவிடத் தவறு. அரை மணி நேரத்திற்குள் பொருத்தினால் பிழைக்கும் வாய்ப்பு நன்றாக இருக்கும்; ஒரு மணி நேரம் காய்ந்துவிட்டால் மிகவும் குறைந்துவிடும். பொருத்திய பல்லைப் பக்கத்துப் பற்களுடன் கம்பியால் இணைத்துப் பெரும்பாலும் இரண்டு வாரம் வைத்திருப்பார்கள்.

பால்பல் விழுந்தால் திரும்ப வைக்கவே கூடாது. உள்ளே வளர்ந்துகொண்டிருக்கும் நிலைப்பல்லை அது கெடுத்துவிடும்.

வெந்துபோன வாய்

சூடான காபியால் நாக்கு வெந்தால் குளிர்ந்த நீரைச் சில நிமிடம் வாயில் வைத்துத் துப்பிக்கொண்டே இருப்பது போதும். இரண்டு மூன்று நாட்களில் சரியாகிவிடும். வெற்றிலை போடுபவர்கள் 'சுண்ணாம்பு கூடிப்போய் வாய் வெந்துவிட்டது' என்று சொல்வதும் இப்படி ஆறக்கூடியதே. ஆனால் சுண்ணாம்பு டப்பாவைத் திறந்து குழந்தை தின்றுவிட்டால் அது காரத்தால் ஏற்படும் தீப்புண். தோலின் ஆழத்துக்குப் போய்க்கொண்டே இருக்கும். வாயை ஏராளமான நீரால் கழுவி, துடைத்து, உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள். வாந்தி எடுக்கவைக்காதீர்கள், 'முறிக்கும்' என்று எலுமிச்சைச்சாறும் கொடுக்காதீர்கள்.

பல்வலிக்கு மாத்திரையைப் பொடித்து ஈறில் வைத்துக்கொள்வது இன்றும் பலரிடம் இருக்கும் பழக்கம். அதில் ஆஸ்பிரின் இருந்தால் ஈறு வெளுத்து உரிந்துவிடும். கிராம்பு எண்ணெயும் அளவு மீறினால் அப்படித்தான். மாத்திரை விழுங்குவதற்கானது. திரவ நைட்ரஜனின் வெப்பநிலை சுமார் மைனஸ் 196 டிகிரி செல்சியஸ் என்பதை நினைவில் வைத்தால், பொருட்காட்சிகளில் அந்தத் திரவத்தில் நனைத்து விற்கப்பட்ட புகை பிஸ்கட் பற்றி 2024-இல் தமிழ்நாடு உணவுப் பாதுகாப்புத் துறை ஏன் எச்சரித்தது என்பது விளங்கும்.

மின்கம்பியையோ சொருகியிருக்கும் சார்ஜர் முனையையோ கடித்த குழந்தையின் வாயோரத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு சிறு புண் மட்டும் தெரியும். வலியும் அதிகம் இராது. முதலில் மின்சாரத்தை நிறுத்திவிட்டுத்தான் குழந்தையைத் தொட வேண்டும். எவ்வளவு நன்றாக இருந்தாலும் மருத்துவமனைக்குப் போக வேண்டும். பலரும் எதிர்பாராதது அதற்குப் பிறகு வருகிறது: ஏறக்குறைய ஒன்று முதல் இரண்டு வாரத்திற்குள், கருகிய பொருக்கு உதிரும்போது உதட்டுத் தமனி திறந்துகொண்டு திடீரென ரத்தம் கொட்டலாம். அந்த நாட்களில் குழந்தையைக் கவனிக்கும் எல்லோருக்கும், பாட்டிக்கும் அங்கன்வாடி ஆசிரியைக்கும்கூட, உதட்டை இரு பக்கமும் கிள்ளி அழுத்தும் முறையைக் காட்டிக்கொடுத்து வையுங்கள்.

ஆறும் நாட்கள்

முதல் நாள் ஆறிய, மிருதுவான உணவே நல்லது: தயிர் சாதம், மோர், இளநீர், ஆறவைத்த கேழ்வரகுக் கூழ், பாலில் ஊறிய இட்லி. மிளகாய், புளி, ஊறுகாய், முறுக்கு, சுடச்சுடக் காபி ஆகியவற்றை ஒரு வாரம் தள்ளிவையுங்கள். மறுநாளிலிருந்து, ஒரு தம்ளர் வெதுவெதுப்பான நீரில் அரைத் தேக்கரண்டி உப்பைக் கரைத்து, சாப்பிட்டபின் ஒவ்வொரு முறையும் மெதுவாகக் கொப்பளிக்க வேண்டும். பல் துலக்குவதை நிறுத்தாமல், காயத்தை மட்டும் ஒதுக்கித் துலக்குங்கள். வலிக்குப் பாராசிட்டமால் போதும். குழந்தைக்கு எடையில் ஒரு கிலோவுக்கு 15 மில்லிகிராம் என்ற அளவில், 24 மணி நேரத்தில் நான்கு முறைக்கு மேற்படாமல் கொடுக்கலாம். ஆஸ்பிரின் வேண்டாம்.

இரண்டாம் நாள் காயத்தின் மேல் வெள்ளையாகவோ மஞ்சளாகவோ ஒரு படலம் படியும். அதைச் சீழ் என்று நினைத்துச் சுரண்டுபவர்கள் உண்டு. அது காயம் ஆறுவதன் அடையாளம். சீழ் என்றால் குறையவேண்டிய வலியும் வீக்கமும் மூன்றாம் நாள் கூடும், காய்ச்சல் வரும், வாய் நாறும். தெருவிலோ விளையாட்டுத் திடலிலோ விழுந்து மண்பட்ட காயமானால், கடைசி தனுர்வாயு (டெட்டனஸ்) தடுப்பூசி போட்டு 5 ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தால் மறுபடி போட்டுக்கொள்வது நல்லது. இதய நோய்க்காக ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள், மருத்துவரைக் கேளாமல் அதை நிறுத்திவிடக் கூடாது. அதே சமயம் சிறு கடிகாயத்தையும் காட்டிவிடுவது அவர்களுக்கு நல்லது.

வராமல் தடுக்க

வலிப்பு வந்தவரின் நாக்கு கடிபடாமல் இருக்க வாய்க்குள் கரண்டியையோ துணியையோ திணிப்பது, கடிகாயத்தைவிடப் பெரிய சேதத்தை உண்டாக்கும்: பல் உடையும், உடைந்த பல் மூச்சுக்குழலுக்குள் போகும், திணிப்பவரின் விரலும் தப்பாது. ஒருக்களித்துப் படுக்கவைத்து, தலைக்கடியில் மெத்தென்று எதையாவது வைத்து, நேரத்தைக் கணக்கிட்டுக்கொண்டிருப்பதே சரி. 5 நிமிடத்தைத் தாண்டினால் 108. நாக்கில் கடிபட்டிருந்தாலும் அது ஆறிவிடும்.

ஸ்கூட்டரின் முன்பக்கத்தில் குழந்தையை நிற்கவைத்து ஓட்டுகிறவர்களைத் தினமும் பார்க்கிறோம். திடீரென பிரேக் பிடித்தால் குழந்தையின் முகவாய் நேராக ஹேண்டில்பாரில் மோதி, பற்களுக்கிடையே நாக்கு சிக்கிக்கொள்ளும். அதற்கு வண்டி வேகமாகப் போக வேண்டியதில்லை. உச்சந்தலையை மட்டும் மூடும் பாதி ஹெல்மெட்டும் தாடையையும் வாயையும் காப்பதில்லை, முகம் முழுவதும் மறைப்பதே காக்கும்.

பல் மருத்துவர் மரப்பு ஊசி போட்டு அனுப்பிய குழந்தை, உணர்வில்லாத உதட்டை வேடிக்கையாகக் கடித்துக் கடித்து, மாலையில் அது மாம்பழம் போல வீங்கியிருப்பதைப் பெற்றோர் காண்பார்கள். மரப்பு இரண்டு முதல் நான்கு மணி நேரம் இருக்கும். அதுவரை சாப்பிடக் கொடுக்காமல், கண்ணெதிரிலேயே வைத்திருக்க வேண்டும்.

கபடியில் பாடிச் செல்பவருக்கு ஒரு தனிச் சிக்கல் இருக்கிறது. 'கபடி கபடி' என்று விடாமல் சொல்வதால் அவருடைய வாய் திறந்தே இருக்கும், நாக்கும் அசைந்துகொண்டே இருக்கும். அந்த நொடியில் நான்கு பேர் சேர்ந்து மடக்கினால் தாடை சட்டென்று மூடிக்கொள்ளும். பற்காப்பு அணிவதே இதற்கு வழி. வெந்நீரில் போட்டு மென்மையாக்கி, கடித்துப் பதித்துக்கொள்ளும் வகை விளையாட்டுப் பொருள் கடைகளில் கிடைக்கிறது. பல் மருத்துவர் அச்செடுத்துச் செய்து தருவது விலை கூடுதல் என்றாலும் தளராது, பாடவும் தடையாக இருப்பது குறைவு. வளரும் பிள்ளைகளுக்குப் பல் மாறும்போதெல்லாம் புதிதாகச் செய்ய வேண்டும்.

வேண்டுதலுக்காக நாக்கிலும் கன்னத்திலும் அலகு குத்திக்கொள்பவர்கள், வேல் தமக்கென்றே தனியாக இருக்கிறதா, கொதிக்கவைத்தோ வேறு முறையிலோ கிருமிநீக்கம் செய்யப்பட்டதா என்று கேட்டுக்கொள்ள வேண்டும். ஒருவருக்குக் குத்தியதை அடுத்தவருக்குக் குத்தினால் மஞ்சள்காமாலைக் கிருமிகள் பரவக்கூடும். எடுத்தபின் அந்த இடத்தில் விபூதியை அப்புவதற்குப் பதில் நெற்றியில் இட்டுக்கொள்ளலாம். கட்டுக்கடங்காத சர்க்கரை நோய் உள்ளவர்களும் ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர்களும் அந்த வேண்டுதலைப் பால்குடமாக மாற்றிக்கொள்வது பற்றி யோசிக்கலாம்.

கடைசியாக, ஒரே அடியில் வராமல் தினமும் உரசி உரசி வரும் காயம். உடைந்த கடைவாய்ப் பல்லின் கூர்முனையோ, தேய்ந்து ஆடுகிற பல்செட்டின் ஓரமோ நாக்கின் பக்கவாட்டில் ஒரே இடத்தைக் கிழித்துக்கொண்டிருக்கும். பல்லை மழுக்கிவிட்டாலோ, செட்டைச் சரிசெய்தாலோ அந்தப் புண் இரண்டு வாரத்துக்குள் ஆற வேண்டும். ஆறவில்லை என்றால், புகையிலையோ பாக்கோ போடும் பழக்கம் இருந்தாலும் இல்லாவிட்டாலும், அதிலிருந்து சிறு சதைத் துண்டை எடுத்துப் பரிசோதிக்க வேண்டும். இந்திய ஆண்களிடம் அதிகம் காணப்படும் புற்றுநோய்களில் வாய்ப் புற்றுநோய் முன்வரிசையில் இருக்கிறது. தொடக்கத்தில் அது பெரும்பாலும் வலிப்பதும் இல்லை. மாவட்டத் தலைமை அரசு மருத்துவமனையின் பல் பிரிவிலேயே காட்டலாம். போகும்போது, புண் எந்த நாளில் முதலில் கண்ணில் பட்டது என்பதைக் குறித்துக்கொண்டு போங்கள், மருத்துவர் கேட்கும் முதல் கேள்வி அதுவாகத்தான் இருக்கும்.